மாமியாருக்கு ஒரு மலை சைக்கிள்

மாமியாரின் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய்களை மாற்றுகிறோம் என்று சுவர்களை உடைத்துப் போட்டார்கள். உடைத்து முடித்த பிறகுதான், வேலை முடியச் சில மாதம் ஆகும் என்றார்கள். மகள் உடனே போய் அம்மாவின் துணிமணிகளைப் பெட்டியில் அடைத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். கூட்டிவந்த கையோடு அவளுக்கே வெளியூரில் பயிற்சி என்று உத்தரவு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் அவள்; தட்டிக் கழிக்க முடியாத பயிற்சி. ஆக, அந்த மூன்றாவது மாடி வீட்டில் மாமியாரும் மருமகனும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தக் குறையும் கிடையாது. பேச்சும் கிடையாது. மருமகனுக்கு லிஃப்ட் பராமரிக்கிற வேலை. பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று கம்பிவடங்களைச் சோதித்துவிட்டு வருபவனுக்கு வீட்டிலும் வாய் திறக்காது. மாமியார் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துபவர். முன்பின் தெரியாதவர்களின் காதையும் மூக்கையும் தொட்டு, சிரித்துப் பேசியே பிழைப்பவர். ஆனாலும் மருமகன் எதிரே உட்கார்ந்தால் அவருக்கும் பேச்சு வற்றிப்போகும்.

அவனுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம். மாமியாரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. 'அத்தை' என்று வாய் வரவில்லை. 'அம்மா' என்றால் சொந்த அம்மா முகம் கண்முன் வந்து நின்றது. கல்யாணமானது முதல் எந்தச் சொல்லும் இல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் பார்வையில் படுகிற மாதிரி வந்து நின்று தொண்டையைச் செருமுவான். முதல் வாரம் முழுக்க அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து மாமியார் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அவனும் மறுக்காமல் குடித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக் குழாயடியில் அவன் முழங்கையைக் கழுவிக்கொண்டிருப்பதை மாமியார் பார்த்தார். தொட்டியில் சேறும் ரத்தமும் கலந்து ஓடியது.

"ஐயையோ, என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல. சைக்கிள்ல..."

"காட்டுங்க. அட, கையை இழுக்காதீங்க, காட்டுங்கன்னா!"

மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரவைத்துப் பஞ்சால் துடைத்தார். அவன் பற்களைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். வாராவாரம் ஊருக்கு வெளியே இருக்கிற குன்றுக்குச் சைக்கிளில் போகிறான் என்று அவருக்குத் தெரியும். இப்படி அடிபட்டு வருவது தெரியாது. மற்ற கையிலும் பழைய தழும்புகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"எங்க விழுந்தீங்க?"

"மேல இருந்து இறங்கும்போது ஒரு இடம் இருக்கு. மரத்து வேரெல்லாம் பாதைக்குக் குறுக்கே ஓடும். ஈரமா இருந்தா சோப்பு மேல ஓட்டற மாதிரி. எப்பவும் அங்கதான் விழுவேன்."

"எப்பவுமா? தெரிஞ்சே போய் விழறீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தான். வேரை நேர் குறுக்காகக் கடந்தால் பிழைத்தோம், சாய்வாகக் கடந்தால் சக்கரம் வழுக்கும். பயத்தில் பிரேக்கைப் பிடித்தால் கதை முடிந்தது. உடம்பைப் பின்னால் தள்ளி, முழங்கையை அகட்டி, கண்ணை வேர்மேல் வைக்காமல் அதற்கு அப்பால் வைக்க வேண்டும். பேசப் பேச, கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கையையே அவரிடமிருந்து பிடுங்கி ஆட்டிக் காட்டினான். மாமியார் பஞ்சைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பேச வருமா?

கட்டுப் போட்டு முடித்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளிடம் போனார். குனிந்து முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இந்த டயர்ல நடுவுல பட்டன் பட்டனா மேடு இருக்கு. ஓரத்துல ஒண்ணையும் காணோமே? மொழுக்குன்னு இருக்கு."

"ஆமா, தேஞ்சு போச்சு. இருக்கட்டும். நான் முதல்ல சக்கரத்தை மாத்தப் போறேன். கார்பன் சக்கரம். எடை பாதிதான் இருக்கும்."

சாப்பிடும்போதெல்லாம் அவன் கைபேசியில் மூழ்கிக் கிடந்தது அந்தச் சக்கரத்தைப் பார்க்கத்தான் என்று அவருக்கு இப்போது புரிந்தது. யாரோ ஒரு பெண்ணின் படமோ என்று ஒருநாள் அவருக்கே லேசாகச் சந்தேகம் தட்டியிருந்தது.

"வழுக்கறது டயரு, மாத்தறது சக்கரமா?" என்று கேட்டார்.

அவன் தொண்டையைச் செருமினான்.

அடுத்த விடுமுறையில் சைக்கிள் கடைக்குக் கிளம்பியபோது, தானும் வருகிறேன் என்று மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டார். சும்மா ஒரு நடை என்று சொன்னாரே ஒழிய, இவனைத் தனியாக விட்டால் டயரை மறந்து சக்கரத்தோடு வந்து நிற்பான் என்பதுதான் அவர் கணக்கு.

கடையை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முன்கையெல்லாம் கிரீஸ். வருகிற எல்லோரையும் தலைவரே என்று கூப்பிடுவாள். "வாங்க தலைவரே, அந்த கார்பன் சக்கரம் சுவத்துலயே உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றவள், பின்னால் வந்தவரைப் பார்த்து, "அக்கா யாரு?" என்றாள்.

"எங்க வீட்டுல... அவங்க அம்மா" என்று மென்று விழுங்கினான்.

"இவரோட மாமியார்மா நான். அந்தச் சக்கரம் அங்கேயே இருக்கட்டும். இவருக்கு முழங்கை உரியாம இருக்க ஒரு டயர் குடு."

கடைக்காரப் பெண் கண்ணைச் சிமிட்டிவிட்டு இரண்டு டயர்களை எடுத்துப் போட்டாள். முன்னால் போடுவது மெத்தென்ற ரப்பர், ஓரத்தில் உயரமான பட்டன்கள்; தரையைக் கவ்விப் பிடிக்கும். பின்னால் போடுவதில் பட்டன்கள் தாழ்வு, ரப்பர் கொஞ்சம் கெட்டி. சீக்கிரம் தேயாது, மிதிக்கவும் லேசாக உருளும். முன்சக்கரம் வழுக்கினால் ஆளைக் கவிழ்த்துவிடும், பின்சக்கரம் வழுக்கினால் கொஞ்சம் ஆட்டம் காட்டிவிட்டு நேராகிவிடும் என்று அவள் விளக்கினாள். மாமியார் இரண்டையும் நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். கண்ணாடி ஃப்ரேமிலும் மூக்கின்மேல் உட்காரும் இடம் மெத்தென்றும், காதுக்குப் போகும் கம்பி கெட்டியாகவும்தான் இருக்கும். இது அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

மருமகன் டயருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது கடையின் மறு மூலையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பினான். விற்பனைக்கு வைத்திருந்த சின்ன மலை சைக்கிள் ஒன்றின்மேல் மாமியார் உட்கார்ந்திருந்தார். கடைக்காரப் பெண் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியில் இருந்த ஒரு விசையை அமுக்கியதும் சீட்டு அவரோடு சேர்ந்து விருட்டென்று கீழே இறங்கியது. மறுபடி அமுக்கினால் மேலே வந்தது. இறக்கத்தில் உடம்பு தாழ இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு வசதி. மாமியார் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூக்குக்கண்ணாடி நழுவ, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"இந்தாங்க மாப்பிள்ளை, உங்க லிஃப்ட்டு இவ்ளோ நல்லா வேலை செய்யுதா?" என்றார்.

அன்று சாயங்காலம் அவன் பால்கனியில் போய் நின்றான். அங்கே மனைவியின் பழைய மலை சைக்கிள் இருந்தது. வாங்கிய புதிதில் நாலு தடவை ஓட்டியிருப்பாள். அதன்பிறகு கைப்பிடியில் துண்டும் சீட்டில் தலையணை உறையும் காய்ந்துகொண்டிருந்தன. துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு அதை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்ன மாப்பிள்ளை, விக்கப் போறீங்களா? அப்புறம் துணியை எங்க காயப்போடறது?"

"உங்களுக்குத்தான்" என்றான். சொல்லும்போதே அவன் காது சிவந்தது.

மாமியார் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "எனக்கு வயசு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சின்ன வயசுல ஓட்டினதுதான்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஏறி இறங்கற சீட்டு இதுக்குப் போட முடியுமா?" என்றார்.

அதற்குப் பிறகு கூடம் பட்டறையானது. அவன் ஆசை ஆசையாக ஒரு பட்டியலே போட்டான்: லேசான சக்கரம், லேசான கைப்பிடி, லேசான பெடல். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் உங்க ஆசை மாப்பிள்ளை. என் உடம்பு என்ன கேக்குதுன்னு பாருங்க. கண்ணாடியிலகூட விலை உசந்த ஃப்ரேமை மாட்டிக்கிட்டு மூக்கு புண்ணாயிடுச்சுன்னு வந்து நிப்பாங்க. முதல்ல இந்த பிரேக். என் விரலுக்கு எட்டவே இல்ல. எட்டாத பிரேக்கை வெச்சுக்கிட்டு நான் எங்க போறது, நேரா மேல் லோகத்துக்கா?"

பிரேக் பிடியில் இருந்த சின்னத் திருகாணியைத் திருகி, பிடியை அவர் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். இவ்வளவு சின்ன விஷயம் தனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. முன்னால் இருந்த மூன்று பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று மட்டும் போட்டான். பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பெரிய பல்சக்கரம். மேட்டில் முழங்கால் நோகாமல் மெதுவாக மிதித்து ஏறலாம். அவர் கேட்ட ஏறி இறங்கும் சீட்டையும் மாட்டினான். சக்கரம் பழையதே போதும் என்று மாமியார் சொல்லிவிட்டார். வெயிலில் வெடித்துப் போயிருந்த டயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அகலமான புது டயர்களை வாங்கிவந்தார்கள்.

அந்த டயர்களுக்குள் ட்யூப் கிடையாது. ரிம்முக்குள் நாடா ஒட்டி, டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றிக் காற்றடிக்க வேண்டும். முள் குத்தினால் அந்தப் பாலே ஓட்டையை அடைத்துவிடும். ட்யூப் இல்லாததால் காற்றைக் குறைவாக வைக்கலாம். டயர் கல்லின்மேலும் வேரின்மேலும் அமுங்கிக் கொடுத்து ஏறும். அவன் பம்பை அடிக்க, மாமியார் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேகமா அடிங்க, ஓரமா ஒழுகுது பாருங்க!"

"அடிக்கறேன், அடிக்கறேன்..."

படாரென்று ஒரு வெடி. டயர் ஒருபக்கம் ரிம்மைவிட்டுக் கழன்று, உள்ளே இருந்த பால் முழுக்கச் சீறி அடித்தது. திரைச்சீலை, சுவர்க் கடிகாரம், மருமகனின் மீசை, மாமியாரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் வெள்ளை. சரியாக அந்த நேரம் பார்த்து மேசைமேல் கைபேசி அலறியது. மகள் வீடியோவில் கூப்பிடுகிறாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வருடம் மாமியார் படியில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதிலிருந்து, வாளியைத் தூக்கினால்கூட மகள் எலும்பைப் பற்றி ஒரு பாடம் நடத்தாமல் விடமாட்டாள். மாமியார் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு கைபேசியை எடுத்து, முகத்தை மட்டும் காட்டினார்.

"என்னம்மா மூஞ்சியெல்லாம் வெள்ளையா இருக்கு?"

"மாவு பிசைஞ்சேன்டி."

"அவர் எங்க?"

"அவரும்தான் பிசையறார்."

மகளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பரவாயில்லையே, ரெண்டு பேரும் சேர்ந்து சமைக்கறீங்களா!" என்று சந்தோஷமாக வைத்தாள். கைபேசியை அணைத்த பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்போதிருந்து அது அவர்கள் இருவருக்குள் ரகசியமானது.

மாமியார் முதலில் காலியாகக் கிடந்த ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் வட்டமடித்தார். அவருக்கு ஓட்டுவது மறக்கவில்லை. கியர்தான் கொஞ்ச நாள் படுத்தியது. பிறகு குன்றின் அடிவாரத்து மண்பாதை. பிறகு பாதி மேடு. மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுவார். கண்ணாடிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் அவருடைய முட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து விசாரித்தபோது, "மாப்பிள்ளையோட காட்டுக்குப் போனேன்" என்று பெருமையாகச் சொன்னார். மேசைக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

புது டயர் போட்ட பிறகு மருமகன் வேர்ப்பாதையில் விழுவது நின்றது. மாமியார் அந்த இடத்தில் இறங்கி நடந்தார். ஒருநாள், "இன்னிக்கு ஓட்டியே பாத்துடறேன். நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வந்தா எனக்குப் பதட்டமா இருக்கும். மேலயே நில்லுங்க" என்றார்.

அவன் மேலேயே நின்றான். மாமியார் சீட்டை இறக்கிவிட்டு, முழங்கையை அகட்டி, வேர்களைக் கடகடவென்று கடந்தார். டயர் ஒவ்வொரு வேரையும் அமுங்கி வாங்கிக்கொண்டது. அவனுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் கீழே பார்த்தான். பாதை வளைந்து அவனுக்கு நேர் கீழே திரும்பி வரும் இடத்தில், ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. வளைவில் வருகிறவருக்கு அது கடைசி வரை தெரியாது. மாமியாரோ வேரைத் தாண்டிய குஷியில் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"ஏங்க!" என்று கத்தினான்.

அவர் திரும்பவில்லை.

"ஹலோ! ஹலோ! இந்தாங்க! நிறுத்துங்க!"

காற்றில் அது யாரையோ யாரோ கூப்பிடுவதுபோல் போய்விட்டது. அவர் வளைவுக்குள் நுழைந்தார். அடுத்து என்ன கத்தினான் என்று அவன் யோசிக்கவே இல்லை. அவன் மனைவி குளியலறையிலிருந்து துண்டு கேட்டுத் தன் அம்மாவை எப்படிக் கூப்பிடுவாளோ, அதே ராகத்தில், அதே இழுப்பில், குன்றே கேட்கும்படி வந்தது:

"எம்மோவ்!"

மாமியாரின் விரல்கள் தாமாகவே பிரேக்கை இறுக்கின. மகள் பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்குக் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நின்று பழகிய உடம்பு. முன்டயர் மண்ணைக் கவ்வியது, பின்சக்கரம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. விழுந்த மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சைக்கிளோடு மெதுவாகப் பக்கத்துப் புதரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவன் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சரிவில் உருண்டு புரண்டு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அடிபட்டுச்சா? எங்க? காட்டுங்க, கையைக் காட்டுங்க!"

"ஒண்ணும் ஆகல. ஏன் மாப்பிள்ளை, ஹலோ ஹலோன்னா நான் எப்படித் திரும்புவேன்? உங்களுக்கு ஃபோன் வந்திருக்குன்னு இல்ல நெனச்சேன்!"

அவன் சிரிக்க முயன்றான். கண்ணில் நீர்தான் வந்தது. பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டான். "எனக்கு உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியல" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு வருஷமா தெரியல."

"இப்பக் கூப்பிட்டீங்களே."

"அது... பயத்துல வந்தது."

"வந்ததை ஏன் திருப்பி அனுப்பறீங்க? அதுவே இருக்கட்டும்" என்றார் மாமியார். அவன் முதுகில் ஒட்டியிருந்த சருகுகளைத் தட்டிவிட்டார்.

பயிற்சி முடிய இன்னும் சில நாள் இருக்கையில் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அவள் வீட்டைத் திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. பால்கனியில் சைக்கிள் இல்லை. புதிதாகக் கட்டியிருந்த ஒரு கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் திரைச்சீலை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கொஞ்ச நேரத்தில் படியேறி வருகிற சத்தம் கேட்டது. அம்மாவின் குரலும் கணவனின் குரலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வந்தன.

"காத்தை இன்னும் குறைச்சா ரிம்மு கல்லுல இடிக்கும், எம்மோவ், சொன்னா கேளுங்க!"

"என் எடைக்கு ஒண்ணும் இடிக்காது. உங்க எடைக்கு வேணா இடிக்கும்."

கதவைத் திறந்ததும் அவளைப் பார்த்து இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கழுத்து வரை சேறு.

மகள் முதலில் கத்தினாள். எலும்பு, மணிக்கட்டு, வயது எல்லாவற்றையும் இழுத்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா பின்னாலேயே போனார்.

"கோவமாடி?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை இல்ல? நீங்க ரெண்டு பேரும் எப்படித்தான் ஒரே வீட்டுல இருக்கீங்களோன்னு நான் அங்க தூங்காம கவலைப்பட்டுட்டு இருந்தேன். இங்க என்னடான்னா... மாவு பிசையறீங்க!"

"சொன்னா விட்டிருக்கமாட்டியே."

"விட்டிருக்கமாட்டேன்தான்" என்று ஒப்புக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். "அவர் என்கிட்டகூட இவ்வளவு பேசினதில்லம்மா."

"டயரைப் பத்திக் கேளு, பேசுவார்" என்றார் அம்மா. "உன் சைக்கிள்தானே, எடுத்து ஓட்டிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மகள் வீம்புக்கு எழுந்து போய்த் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். பிரேக் பிடி விரலில் வந்து இடித்தது. சீட்டு தாழ்ந்திருந்ததால் முழங்கால் கைப்பிடியைத் தொட்டது. டயர் அவள் எடைக்குப் பொதபொதவென்று அமுங்கியது. தெருமுனையில் திரும்பி வந்தாள். வாசலில் அம்மாவும் கணவனும் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போல் நின்றிருந்தார்கள்.

"இது இனிமே அம்மாவோடதுதான். எனக்குச் சேராது" என்று இறங்கினாள். பிறகு கணவனைப் பார்த்து, "அந்த டயர் ஏன் அப்படி இருக்கு? சொல்லுங்க" என்றாள். அவன் சொன்னான். சாப்பாடு ஆறிப்போகும் வரை சொன்னான். அவளும் கேட்டாள். பாதி புரியவில்லை என்றாலும், அவன் கைகள் ஆடுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு நன்றாக இருந்தது.

குழாய் வேலை முடிந்து மாமியார் தன் வீட்டுக்குத் திரும்பினார். சைக்கிளும் கூடவே போனது. புதிதாகப் பூசிய சுவரில் கறை படாமல் இருக்க அடியில் ஒரு பழைய போர்வையை விரித்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மருமகனின் கைபேசி அடித்தது. வெளியே தூறல். மகள்தான் தூக்கக் கலக்கத்தோடு எடுத்தாள்.

"என்னம்மா இவ்ளோ சீக்கிரம்? உடம்புக்கு ஏதாச்சும்..."

"உடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. மழை பெய்யுதே, முன்டயர்ல காத்து எவ்ளோ வைக்கலாம்னு அவரைக் கேக்கணும். அவர்கிட்ட குடு."

"என்னை எப்படி இருக்கேன்னு கேக்கக்கூட தோணலையா உனக்கு?"

"நீ எப்படி இருக்கே? சரி, அவர்கிட்ட குடு."

மகள் கைபேசியைக் கணவன் மார்பின்மேல் போட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். அவன் அவள் தூக்கம் கெடாமல் எழுந்து கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினான். சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து அவன் குரல் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. இடையிடையே அவன் சிரித்தான். மழைச் சத்தத்தோடு அதையும் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.